வெந்நீர் சொன்ன பதில்

வானிலை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறையை ஒட்டினாற்போல் இருந்த அறைக்குக் கடல் பிரிவு என்று பெயர். கடலின் அடையாளமாக அங்கே இருந்தது ஈரம் ஒன்றுதான்; அதுவும் பக்கத்துச் சுவர் வழியாகக் கசிந்து வந்த ஈரம். அந்த அறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவளை அலுவலகமே வெந்நீர் என்று கூப்பிட்டது. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் வெந்நீர். மழை எப்போது என்று யார் கேட்டாலும், "கடல் தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு முதல்ல கேளுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் வந்த பெயர். அவளுக்கும் அது தெரியும். அந்த மண்டைகளில் இதைவிட நல்ல பெயர் உதித்திருந்தால்தான் ஆச்சரியம் என்று விட்டுவிட்டாள்.

கடலில் போகிற கப்பல்களும், அங்கங்கே நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைகளும் அனுப்புகிற கடல் மேற்பரப்பு வெப்பநிலையைச் சரிபார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைத் தள்ளுவதுதான் அவள் வேலை. மனிதர்களைப் பற்றி உயர்வாக நினைக்க இந்த வேலை உதவவில்லை. ஒரு சரக்குக் கப்பல் பதினோரு நாளாக இருபத்தொன்பது டிகிரி, இருபத்தொன்பது டிகிரி என்றே எழுதி அனுப்பும். தண்ணீரை அளக்கச் சோம்பல்பட்டு, நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதியிருப்பான் யாரோ ஒருத்தன். இன்னொரு கப்பல் அட்சரேகையைத் தப்பாகக் குறித்ததில், கடலிலிருந்து நூறு மைல் தள்ளி ஒரு மலையுச்சியில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மிதவை திடீரென்று நாற்பத்திரண்டு டிகிரி காட்டும். விசாரித்தால், கருவியை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் படகின் மேல்தட்டில் காயவைத்திருப்பார்கள். இத்தனை பொய்யையும் புரட்டையும் சலித்து எடுத்து, காலை பதினொரு மணிக்குள் கடலின் உண்மையான சூட்டை ஒரு வரைபடமாக்கி மேலே அனுப்புவாள். மேலே இருப்பவர்கள் அதைப் பார்ப்பார்களா என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் அவள் கண் அப்படியே இருந்தது. கல்யாணமான மூன்றாம் வருடம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவள் புருஷன், "உன்கூடக் குடித்தனம் பண்றது தினம் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். "பாஸ் மார்க்காவது வாங்கிட்டுப் போயிருக்கலாம்" என்று தங்கையிடம் சொன்னாளே தவிர, அழவில்லை. அதன்பின் தங்கை வீட்டு மாடியில் தனிச் சமையலோடு இருந்துகொண்டாள். தங்கை புருஷன் நல்ல மனிதர், கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எறும்பு ஊர்ந்தாலும் மழை, தும்பி தாழப் பறந்தாலும் மழை, தன் இடது முழங்கால் குத்தினாலும் மழை என்பார். ஒருநாளாவது மழை பெய்துதானே ஆகவேண்டும். பெய்த அன்றைக்கு, "பார்த்தீங்களாக்கா" என்று மாடிப்படி ஏறி வந்து சொல்வார். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளுடைய இகழ்ச்சியில் முதல் மரியாதை இயக்குநருக்குத்தான். தொலைக்காட்சிக்காரர்கள் வருகிற நாளில் மட்டும் அவர் கழுத்தில் டை ஏறும். அறையில் ஒரு நீல டையும் ஒரு சிவப்பு டையும் எப்போதும் முடிச்சுப் போட்டபடியே ஆணியில் தொங்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அவர் அறிந்ததைவிட, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நன்றாக அறிவார். கீழேயுள்ளவர்கள் அனுப்புகிற குறிப்பில் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு, நடுவில் இருப்பதைத் தன் வாயால் இட்டு நிரப்புவார்.

அந்த வருடம் மே மாதம் பிறக்கும்போதே கடல் சூடேறிக் கிடந்தது. மழைக்காற்று கிளம்ப இருபத்தெட்டு டிகிரியாவது வேண்டும். அந்தச் சூட்டுக்கு மேல்தான் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மேகமாகத் திரண்டு உயரும். மே இருபதாம் தேதி வாக்கில் தென்பகுதிக் கடல் முப்பத்தொன்றைத் தாண்டியது. அவள் போட்ட வரைபடத்தில் கடல் முழுக்கச் சிவப்பு. இயக்குநருக்குச் சிவப்பைக் கண்டதும் கை அரித்தது. இந்த வருடம் பருவமழை பத்து நாள் முன்னதாகவே வருகிறது என்று அறிவித்துவிட்டால், முதலில் சொன்னவர் என்ற பெயர் கிடைக்கும்.

வெந்நீருக்கு வேறொன்று தெரிந்தது. சூடு மேலே மட்டும்தான் இருந்தது. ஆழத்தையும் அளக்கிற மிதவைகள் அனுப்பிய எண்கள், முப்பது மீட்டருக்குக் கீழே தண்ணீர் குளிர்ந்தே இருப்பதாகச் சொல்லின. மேற்கிலிருந்து வரவேண்டிய நிலையான காற்றும் இன்னும் கிளம்பவில்லை. அந்தச் சூட்டின் மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு சுழலத் தொடங்கியிருந்தது. அது புயலாகி எதிர்ப்பக்கம் ஓடினால், கரையில் இரண்டு நாள் மழை தூறிவிட்டு, வானத்து ஈரத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். போகிற வழியில் கடலைக் கலக்கி அடித்தண்ணீரை மேலே கொண்டுவரும். ஆறிய கடல் மறுபடி சூடேற மூன்று வாரம் ஆகும். அதுவரை பருவமழை வராது.

இதை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும். ஆனால் படிக்கப்போகிறவர் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு ஒரு பக்கத்துக்குப் போதவில்லை. "வந்துகொண்டிருப்பது புயல், பருவமழை அல்ல. வித்தியாசம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளவும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பினாள். இயக்குநர் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்தார், இருந்ததே அவ்வளவுதான். முகம் சிவந்து, காகிதத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டார். இருபத்துநான்காம் தேதி கரையோரத்தில் மழை தொடங்கியது. நீல டை ஆணியிலிருந்து இறங்கியது. பருவமழை தொடங்கிவிட்டது என்று அன்று மாலையே நாடு முழுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கடல் பிரிவுக்கு ஒரு மனிதர் வந்தார். நகரத்துக் குடிநீர் நிலையத்தின் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு குடை, அக்குளில் கோடு போட்ட ஒரு நோட்டு. கரையில் மழை என்றாலும் ஊரில் வானம் வெளுத்துக் கிடக்கும்போது குடையோடு வந்தவரைப் பார்த்ததுமே அவள் அவரை ஒரு மிதவை எண்ணைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டாள். அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். ஊருக்கு இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள். அந்தக் கணக்கில் நீர்த்தேக்கத்தில் இருப்பது நாற்பத்திரண்டு நாளுக்கு வரும். அறிவிப்பைக் கேட்டதிலிருந்து நகரசபைக்காரர்கள் தினமும் திறந்துவிடச் சொல்லி நெருக்குகிறார்கள். தினமும் விட்டால் பதினான்கு நாள்தான். மழை உண்மையிலேயே வந்துவிட்டதா?

"கீழ ரெண்டு ரூம்ல கேட்டேன் மேடம். சார் சொன்னா சொன்னதுதான்னாங்க. ஆனா கடலைப் பார்க்கிறவங்க நீங்கதான்னு வாட்ச்மேன் சொன்னார். அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு."

இருபத்தாறு வருடத்தில் அந்த அறைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் குடை, நோட்டு, அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஓடிவந்த ஒரு வெகுளி.

"எங்க டைரக்டர் டிவியில டை கட்டிக்கிட்டுச் சொல்லியிருக்காரே. அப்புறம் மழைக்கு வராம இருக்கத் தைரியம் இருக்குமா? தாராளமா திறந்து விடுங்க" என்றாள்.

அவர் நோட்டைத் திறந்து தேதி போட்டு எழுதிக்கொண்டார். "ரொம்ப நன்றி மேடம். பெரிய பாரம் இறங்கினாப்பல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்து அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. கிண்டல் எல்லோருக்கும் புரியும் என்பது அவள் எண்ணம். புரியாதவர்கள் இருந்தால் அது அவர்கள் தலையெழுத்து.

புயல் அவள் சொன்ன வழியிலேயே போனது. இருபத்தேழாம் தேதிக்குள் மேகமெல்லாம் கலைந்து வானம் துடைத்து வைத்ததுபோல் ஆனது. புயல் கடந்த தடத்தில் கடல் முப்பத்தொன்றிலிருந்து இருபத்தேழரைக்கு இறங்கியிருந்தது. எண்கள் ஒவ்வொன்றாக வந்து விழ விழ, அவளுக்கு அது ஒரு கொண்டாட்டமாகவே இருந்தது. இயக்குநர் அறைவழியே போகும்போதெல்லாம் நின்று, ஆணியில் தொங்கும் டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் முதல் தேதி மாலை வீடு திரும்பியபோது தெருவே ஈரமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் குழாய் வைத்து வண்டி கழுவிக்கொண்டிருந்தார். தங்கை வாசலில் மிதியடிகளை அலசிக் காயப்போட்டிருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் தண்ணீர் வருகிறது, உனக்குத் தெரியாதா என்றாள். மாடித் தொட்டி நிறைந்தே இருந்ததால் அவள் கவனிக்கவில்லை.

"அதுவும் உங்க ஆபீஸ்தான் சொல்லிச்சாம்லக்கா. பேப்பர்லயே வந்துச்சே" என்று தங்கை பழைய செய்தித்தாளைத் தேடி எடுத்து நீட்டினாள்.

நாலாம் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். பருவமழை தொடங்கியதை வானிலை அலுவலகத்தின் கடல் பிரிவு அதிகாரி நேரில் உறுதி செய்ததையடுத்து, குடிநீர் தினமும் வழங்கப்படும் என்று பொறியாளர் தெரிவித்தார்.

வெந்நீர் அதை இரண்டுதரம் படித்தாள். கடல் பிரிவில் அவளைத் தவிர வேறு அதிகாரி கிடையாது. மாடிக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாளைக் காலைக்குள் எட்டு நாள் தினமும் விட்டாயிற்று என்றால் இருபத்துநாலு நாள் தண்ணீர் போயிற்று. மிச்சம் பதினெட்டு நாள். மழைக்கு இன்னும் மூன்று வாரம். பதினோரு நாள் ஒரே எண்ணை எழுதிய கப்பல்காரனால்கூட ஒரு ஊரைத் தாகத்தில் தள்ள முடிந்ததில்லை.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடிநீர் நிலையத்துக்குப் போனாள். பம்புகளின் இரைச்சலில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு வால்வுச் சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவித் துடைத்து, எந்தத் தெருவுக்குப் போவது என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. பொறியாளர் ஒரு மரப்பலகை மேல் நின்று நீர்மட்டக் கம்பியைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளின் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத நோட்டு அது. அப்படிப்பட்ட நோட்டை அவள் தன் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை.

அவளைக் கண்டதும் அவர் பலகையிலிருந்து இறங்கினார். மழை இன்னும் வரக் காணோமே என்று தானே வரலாம் என்றிருந்ததாகச் சொன்னார்.

"மழை வரலை. இப்போதைக்கு வராது. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய்."

அவர் நோட்டைப் புரட்டினார். "தாராளமா திறந்து விடுங்கன்னு சொன்னீங்களே மேடம். எழுதி வச்சிருக்கேன்."

"அது கிண்டல். டைரக்டரைக் கிண்டல் பண்ணினேன்."

"டைரக்டர் அங்க இல்லையே. நான்தானே இருந்தேன்."

அவள் பக்கத்து வால்வுச் சக்கரத்தில் எழுதியிருந்த தெருப் பெயரைப் பார்த்தாள்.

"கேட்டது நான். எதுக்கு மேடம் என்கிட்ட கிண்டலாச் சொன்னீங்க?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. பழுதான வால்வு எங்கே ஒழுகுகிறது என்று விசாரிப்பதுபோல் கேட்டார்.  நீங்கள் குடை கொண்டுவந்தீர்கள், அதனால்தான் என்று சொல்ல முடியுமா? கடைசியில், "எனக்கு அப்படியே பழகிப்போச்சு" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொள்வாரோ என்று பயந்தாள். அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மழை எப்போது என்று மட்டும் கேட்டார். அவள் முதல்முறையாக ஒருத்தருக்கு முழுசாகச் சொன்னாள். குளத்தில் வெயில் நேரத்தில் இறங்கினால் முழங்காலில் தண்ணீர் சுடும், பாதத்தில் சில்லென்று இருக்கும். கடலும் அப்படித்தான் இருந்தது. புயல் அதைக் கலக்கிவிட்டது. மேல்தண்ணீர் மறுபடி சூடேறிக்கொண்டு வருகிறது, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று. அது இருபத்தெட்டைத் தாண்டி அகலமாகப் பரவி, மேற்கே காற்றும் நிலைபெற்றால்தான் மழை. அவர் நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கேட்டார். முட்டாள்தனமாகத் தோன்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போனபோது, அவற்றில் பாதி தனக்கே சரியாகத் தெரியாதது அவளுக்கு உறைத்தது.

"இருபத்தோரு நாள். ஜூன் இருபத்துமூணு" என்றாள்.

"தப்பாச்சுன்னா?"

"ஆகாது."

"சரி மேடம். மூணு நாள் சேர்த்துக்கிறேன்" என்று எழுதினார். தன் கணக்கோடு மூன்று நாள் சேர்த்த ஒருத்தனை அவள் அதுவரை மன்னித்ததில்லை. இருபத்துநாலு நாளுக்குப் பதினெட்டு நாள் தண்ணீரை இழுக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை விட்டால் சரியாக வரும் என்று இருவருமே ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அன்று பிற்பகல் நகரசபைக் கூட்டம். போன வாரம் திறக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவர்களே, இன்றைக்கு எவனைக் கேட்டுத் திறந்தாய் என்று மேசையைத் தட்டினார்கள். பொறியாளர் தலை குனிந்து நின்றார். விசாரித்தேன், நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வெந்நீர் அந்தச் சபையை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். சலித்துத் தள்ளவேண்டிய எண்கள் இத்தனையையும் ஒரே அறையில் அவள் கண்டதில்லை. எழுந்து நின்றாள்.

"பேப்பர்ல வந்த கடல் பிரிவு அதிகாரி நான்தான். இவர் ஒழுங்கா வந்து கேட்டார். நான்தான் தெரிஞ்சே தப்பாச் சொன்னேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. ஆனா திட்டி முடிச்சதும் நாலு நாள் கணக்குக்குக் கையெழுத்துப் போடுங்க. நீங்க கத்துற நேரத்துலயும் தண்ணி போயிட்டிருக்கு."

ஒரு மணி நேரம் திட்டினார்கள். கையெழுத்தும் போட்டார்கள்.

அதற்கப்புறம் வந்த மூன்று வாரமும் ஊருக்குப் பொல்லாத காலம். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பள்ளிக்கூடங்களில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. குடங்கள் தெருவில் இரவே வரிசை பிடித்தன. வண்டி கழுவிய எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டம்மாவும் ஒரு வாளிக்காகக் கைகலந்தார்கள். தங்கை லாரித் தண்ணீருக்கு ஓடி, படியில் குடத்தோடு சறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். வெந்நீர் ஐம்பத்துமூன்று வயதில் காலை ஐந்து மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். யாரால் வந்த வினை என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "கடலைப் பார்க்கிற அம்மா, குடத்தைப் பார்த்துப் பிடிங்க" என்றாள். நல்ல கிண்டல்தான். வெந்நீர் குடத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தாள்.

அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபோது தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்களையெல்லாம் மட்டமாத்தானே நினைக்கிறே" என்றாள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பொய். "நினைச்சேன். இடுப்பைத் திருப்பு" என்றாள்.

அலுவலகத்தில் மெமோ வந்தது. அனுமதியின்றி வெளியாரிடம் பேசியது, சபையில் துறையின் பெயரைக் கெடுத்தது. இனி கடல் பிரிவுக்கு வெளியாள் வரக்கூடாது, வரைபடம் இயக்குநர் வழியாக மட்டுமே வெளியே போகவேண்டும். அவள் படித்துக் கையெழுத்திட்டாள். அறைக்கு வெளியாள் வரக்கூடாது என்றுதானே போட்டிருந்தது; அவள் போகக்கூடாது என்று இல்லை. தினமும் அலுவலகம் முடிந்து பம்பு நிலையம்வரை நடந்து போய், அன்றைய சூட்டைச் சொல்லிவிட்டு வந்தாள். இருபத்தேழே முக்கால். இருபத்தெட்டு. இருபத்தெட்டரை.

ஜூன் இருபத்துமூன்று வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. தங்கை புருஷன் முழங்காலைத் தடவிக்கொண்டு, இன்றைக்கு இல்லை என்றார். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அன்றைக்கு அவளுக்கு நேர்ந்த பெரிய அவமானம். இருபத்துநாலும் வெயில். அன்று சாயங்காலம் அவள் பம்பு நிலையத்துக்குப் போகக் கூசி வீட்டிலேயே இருந்தாள். இருபத்தைந்தாம் தேதி மதியம் மேற்கே காற்று திரும்பியது. மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. விடவே இல்லை. மறுநாள் சாயங்காலம் ஓடைகள் நீர்த்தேக்கத்தில் விழத் தொடங்கியபோது, உள்ளே ஒரு நாளைக்கான தண்ணீர்கூட முழுசாக மிச்சமில்லை.

பொறியாளர் நனைந்துகொண்டே நீர்மட்டக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றதும், "ரெண்டு நாள் தப்பு மேடம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நோட்டில் எழுதவேண்டும், அதற்காகச் சொன்னார்.

"உங்க மூணு நாள் சரி" என்றாள். வாழ்க்கையில் இன்னொருத்தர் கணக்கைச் சரி என்று அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல்முறை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இயக்குநர் சிவப்பு டையோடு தோன்றி, மே மாதமே வந்துவிட்ட பருவமழை சற்று ஓய்வெடுத்துக்கொண்டு இப்போது மீண்டும் வலுப்பெற்றிருப்பதாக விளக்கினார். வருடக் கடைசியில் பதவி உயர்ந்து தலைநகருக்குப் போனார். அங்கே ஆணிகள் கூடுதலாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓய்வு பெறும்வரை இன்னும் ஐந்து வருடம் அவள் அதே அறையில் இருந்தாள். மே மாதம் தொடங்கினால் வாரம் ஒரு பக்கம், யாருக்கும் புரிகிற மாதிரி எழுதி, பம்பு நிலையத்திலும் நகரசபைப் பலகையிலும் தன் கையாலேயே ஒட்டினாள். கடல் எவ்வளவு சூடு, எத்தனை ஆழம், மழைக்கு எத்தனை நாள், கணக்கு எத்தனை நாள் தவறக்கூடும் என்று. புதிதாக வந்த இயக்குநர் ஒருமுறை தன் உரையைப் பற்றி அவளிடம் அபிப்பிராயம் கேட்டார். "மூணாவது நிமிஷத்துல இருந்து நீங்க சொன்னது எதுவும் உங்களுக்கே தெரியாது சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்தாள். கிண்டலாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வெந்நீர் இதைவிடத் தேவலை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.